ஒத்துக்காது

மருந்தியல் பாடத்தில் அவளை மிஞ்ச எங்கள் நர்சிங் வகுப்பில் ஆள் கிடையாது. நாங்கள் வைத்த பெயரே 'மனப்பாடம்'. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஏட்டுச் சுரைக்காய் என்று கேலி செய்யவும் வழியில்லை. நோயாளிகளிடம் அத்தனை அக்கறை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அன்று எங்கள் வார்டில் ஒரு லாரி டிரைவர். கம்பி கிழித்த கால் சீழ் பிடித்திருந்தது. டாக்டர் பென்சிலின் எழுதியிருந்தார். மனப்பாடம் பெயர் கேட்டாள், கைப்பட்டியைப் பார்த்தாள், குப்பியின் லேபிளை இரண்டு தடவை படித்தாள். கேட்க வேண்டியதையும் மறக்காமல் கேட்டாள்.

"அண்ணா, உங்களுக்கு அலர்ஜி ஏதாவது இருக்கா?"

"சொறி, அரிப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் டிரைவர்.

"அலர்ஜி இல்ல பாப்பா," என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. "ஆனா இவருக்கு ஊசி ஒத்துக்காது."

"இவ்ளோ பெரிய மீசைய வெச்சுக்கிட்டு ஊசிக்குப் பயமாண்ணா?"

டிரைவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்த மனைவியும் அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மனிதர் ஊசிக்குப் பயந்தவர் என்பதும் உண்மைதான். வினையே அதில்தான் வந்தது.

மனப்பாடம் மருந்தை நரம்பில் மெல்ல ஏற்றினாள்.

அவர் தொண்டையைத் தடவினார். உதடு தடித்தது. "மூச்சு..." என்றார். அவள் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடி வந்தார். அட்ரினலின் போட்டார்கள், குழாய் விடப் பார்த்தார்கள். வீங்கிய தொண்டை வழிவிடவில்லை. நாங்கள் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். கடைசியில் டாக்டர் போதும் என்று கையைக் காட்டினார்.

"மருந்து அலர்ஜின்னு நீங்க சொல்லலையாம்மா?" என்று டிரைவரின் மனைவியிடம் கேட்டார்.

"முன்னாடி ஒரு ஊசிக்கு மூஞ்சி வீங்கி, மூச்சு முட்டி, செத்துப் பொழச்சாரு. அதான் ஒத்துக்காதுன்னு சொன்னேன்."

"நான் கேட்டேன் சார். இல்லன்னாங்க." என்றாள் மனப்பாடம். அவள் சொன்னதில் பொய்யில்லை.

மனைவி அவளைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"நான் தமிழ்லதானே பாப்பா சொன்னேன்?"