தங்கையின் கட்டுரை

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் மறுபடி பழக்கும் பிரிவில், மூத்தவள் ஆறு வருடமாக உதவியாளராக இருந்தாள். ஆக்குபேஷனல் தெரபி என்ற அந்தச் சிகிச்சையில் முதுகலை முடித்தால்தான் தானே சிகிச்சை தர முடியும். அதற்குத் தேவையான பாடங்களை விடுமுறை நாட்களில் படித்து முடித்து, அந்த வருடம்தான் விண்ணப்பிக்கத் தயாரானாள்.

அப்போது பார்த்துத் தங்கை வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து, "அக்கா, தேவையான பாடமெல்லாம் சாயங்கால வகுப்புல முடிச்சிட்டேன். நானும் அதுக்கே அப்ளை பண்ணப் போறேன்," என்றாள்.

விண்ணப்பிக்க நாற்பது மணி நேரம் ஒரு சிகிச்சைப் பிரிவில் கூட இருந்து பார்க்க வேண்டும். மூத்தவளே தன் பிரிவில் கேட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

அங்கே ஒரு தையல்காரர் இருந்தார். வலது கை விழுந்துவிட்டது. துளைப்பலகையில் மரக்குச்சிகளைச் செருகச் சொல்லி மூத்தவள் மூன்று வாரம் மன்றாடியும், பலகையைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். தங்கை வந்த இரண்டாம் நாள், அவர் முன்னால் தன் சட்டைக் கையை நீட்டி, "இந்தக் கை நீளமா இருக்குங்க. எங்க வெட்டணும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்," என்று ஒரு சாக்கட்டியை வைத்தாள். அவர் வெகுநேரம் அந்தச் சட்டையையே பார்த்தார். பிறகு வலது கையால் சாக்கட்டியைப் பிடித்து, கோணலாக ஒரு கோடு போட்டார்.

"இந்தப் பொண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல," என்றார் தலைமை சிகிச்சையாளர், எல்லோர் முன்னிலையிலும். மூத்தவள் சிரித்துவைத்தாள்.

ஒரு ஞாயிறு மதியம், தங்கை விண்ணப்பக் கட்டுரையைக் கொண்டுவந்தாள். "நீ பார்த்து ஓகேன்னா அனுப்பிடறேன்."

தையல்காரரைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். மூத்தவள் நிமிராமல் கடைசி வரி வரை படித்தாள். ஐந்து முறை திருத்திய தன் கட்டுரையோ ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது. ஆனால் தங்கை அவருடைய பெயரையும், கடை இருக்கும் தெருவையும், என்ன நோய் என்பதையும் அப்படியே எழுதிவிட்டிருந்தாள். நோயாளியை அடையாளம் காட்டினால் விண்ணப்பத்தை மேற்கொண்டு படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். அது மூத்தவளுக்கு மனப்பாடம்.

"எதாவது மாத்தணுமாக்கா?"

"வேண்டாம். நல்லா இருக்கு. அனுப்பு."

இரண்டு மாதம் கழித்து மூத்தவளுக்கு இடம் கிடைத்தது. தங்கைக்கு மூன்று வரிக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"பேர் எழுதினதால தள்ளிட்டாங்களாம். நீ கவனிக்கலியாக்கா?"

மூத்தவள் குழாயை மூடினாள். கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் தங்கை நம்பியிருப்பாள்.

"கவனிச்சேன்."

தங்கை கடிதத்தை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். வெளியே போனாள்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "உனக்கு ஏன்டி கிடைக்கல?"

"சீட்டு கம்மிம்மா. அக்காவுக்குக் கிடைச்சதே பெரிய விஷயம்."

அம்மா இடது கையால் தங்கையின் தலையைத் தடவினாள். "உனக்குப் பெரிய மனசுடி."

மூத்தவள் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். காட்டிக்கொடுக்காமல் இருந்த அந்த நல்ல பெயரும் தங்கைக்கே போகிறது.

"சீட்டு இல்லாம இல்லம்மா. அவ கட்டுரையில தப்பு இருந்தது. தெரிஞ்சும் நான் சொல்லல."

அம்மாவின் கை தங்கையின் தலையிலேயே நின்றது. தங்கை தட்டிலிருந்து நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"இதக்கூட எனக்கு விட்டுத்தர மாட்ட, இல்ல?"

பாதி குற்ற உணர்வு, பாதி பொறாமை. சொல்ல வைத்தது எது என்று மூத்தவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள்.

அடுத்த வருடம் தங்கை வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். "கட்டுரைய நான் பார்க்கட்டுமா?" என்று மூத்தவள் வாசலில் நின்று கேட்டாள்.

"அனுப்பிட்டேன்கா," என்றாள் தங்கை, மரியாதையாகத்தான். அவளுக்கு இடம் கிடைத்த செய்தி அம்மா சொல்லித்தான் மூத்தவளுக்குத் தெரிந்தது.