காளான் படம் போட்ட பாக்கெட்

விடுதியில் எல்லாரும் அவளைக் கீரை என்றுதான் கூப்பிடுவோம். முட்டை வாசம் வந்தாலே சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டு ஓடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? படிக்க வந்த புதிதில் இந்த நாட்டு எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கு இது மூன்றாவது வருடம், தண்ணீர் பட்ட பாடு. கடைக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பி, கறி, முட்டை சேர்த்திருக்கிறதா என்று படித்துச் சொல்வது என் வேலை. "போன்ல படம் பிடிச்சா அதுவே சொல்லுமே" என்றால், "அது ஆயிரம் சொல்லும். நீங்க சொன்னா போதும்க்கா" என்பாள்.

அதைக் கேட்டு எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பிறகு சலித்துவிட்டது. கண்டதையும் தின்கிற எனக்கு, உண்மையைச் சொன்னால், அவள் சைவம் கொஞ்சம் கேலியாகவே இருந்தது. முன்பக்கப் படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தேன். அப்படித்தான் இந்தக் காளான் சூப்பும் பாஸ் ஆனது. குளிர்காலம் முழுக்க அவள் அதைத்தான் குடித்தாள்.

இன்று மத்தியானம் ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். துணிகளுக்கு நடுவே சூப் பாக்கெட்டுகளை அடுக்கினாள்.

"அப்பாவுக்குக்கா. பல்லு கட்டினதுலேர்ந்து அவரால எதையும் மெல்ல முடியல. இதுன்னா நல்லா இறங்கும். எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு பாத்துச் சொல்லுங்க, எழுதி ஒட்டிடறேன்."

அவள் அப்பா வெளியூர் போனால் கையோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர். ஹோட்டல் கரண்டியை நம்பாத மனிதர். நான் பாக்கெட்டைத் திருப்பினேன். தண்ணீர் அளவுக்கு மேல், பொடி எழுத்தில், கோழிக் கொழுப்பு என்று போட்டிருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் வேறொன்று வந்தது.

"இதையெல்லாம் ஏர்போர்ட்ல விட மாட்டாங்கடி. எடுத்து வெளிய போடு."

சொன்னதும் மூச்சு வந்தது. அவள் அப்பா தப்பித்தார், நானும் தப்பித்தேன். அவளுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் மறுபேச்சு இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு கெட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தாள்.

"வீணாப் போகக் கூடாதுல்ல, கிளம்பறதுக்குள்ள நானே குடிச்சுத் தீத்துடறேன். உங்களுக்கும் ஒரு கப்?"

பொடியைக் கொட்டினாள், கொதிநீரை ஊற்றினாள், கலக்கினாள். கப்பை வாயருகே கொண்டுபோனபோதுதான் என் கை நீண்டது.

"குடிக்காத. அதுல கோழிக் கொழுப்பு இருக்கு."

கப்பைக் கீழே வைத்தாள். "இந்தப் பாக்கெட்லயா?"

"எல்லாத்துலயும். நான் சரியா பாக்கல. இப்பதான் கண்ணுல பட்டுது. மன்னிச்சுடு."

அழுவாள் என்று நினைத்தேன். திட்டினால் இன்னும் நல்லது. அவள் யோசித்தாள்.

"அப்ப ஏர்போர்ட்டு?"

படிக்காமல் விட்டதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்தப் பொய்யை என்னவென்று சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தெரியாம நடந்ததுக்கு என்னக்கா பண்றது" என்றாள். கோபமே இல்லை. கப்பைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, பெட்டியிலிருந்து அம்மாவுக்கு வாங்கிய பிஸ்கட்டையும் தம்பிக்கு வாங்கிய மிட்டாயையும் எடுத்தாள். எல்லாம் நான் சரி என்று சொன்னவை. இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் எதிர் அறைக் கதவை முழங்கையால் தட்டினாள். இந்த நாட்டு எழுத்துத் தெரிந்த அந்த அறைப் பெண்ணோடு அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.