கட்டெறும்புகளுக்கு ஒரு கண்ணாடி வீடு

ராணி எறும்பு வீட்டுக்குள் வந்தபோது செந்தமிழ்செல்வனின் இடது காலில் மாவுக்கட்டு இருந்தது. கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்த சாயங்காலம். கடலூர் முதுநகரில் அவன் குடியிருந்த வாடகை வீட்டின் குளியலறை வாசலில், இறக்கையை உதிர்த்துவிட்டு அது சுவரோரமாக ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் கட்டெறும்புதான், ஆனால் ஒன்றுக்கு இரண்டு மடங்கு பெரிது. அவன் கையில் போன் இருந்தது, செய்வதற்கு வேறு வேலை இல்லை. தேடிப் பார்த்தான். மழைக்குப் பிறகு புதுக் குடும்பம் தொடங்க இடம் தேடும் ராணி அது என்றும், ஒரு கண்ணாடிக் குழாயில் ஈரப் பஞ்சு வைத்து அதை இருட்டில் விட்டால் போதும் என்றும் யாரோ ஒருவர் வீடியோவில் விளக்கினார். அவன் மனைவி மாலதி ஒரு மெடிக்கல் ஷாப்பில் குழாய் வாங்கி வந்து கொடுத்தாள். "எறும்ப வெரட்டத்தான் எல்லாரும் மருந்து வாங்குவாங்க" என்று சிரித்தாள். அவன் எதையாவது கேட்டு வாங்கியதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அவன் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப் போகும் வேன் ஓட்டியவன். ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு விடியற்காலையில், குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியை ஒடித்தான். வேன் பள்ளத்தில் உருண்டது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அவனுக்குத்தான் கால் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கால் லேசாக இழுத்தாலும் நடக்க வந்துவிட்டது. வண்டியில் ஏறத்தான் வரவில்லை. மாலதியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தாலே உள்ளங்கை வேர்த்து, மூச்சு முட்டி, தெருமுனைக்குள் இறங்கிவிடுவான். கடைக்கு நடந்தான், கோயிலுக்கு நடந்தான். நடந்து போக முடியாத இடங்களுக்குப் போவதை விட்டுவிட்டான்.

குழாய்க்குள் முட்டைகள் வந்தன, புழுக்கள் வந்தன, பிறகு பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன வேலைக்காரிகள் வந்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, அடித்த கொசு ஒன்றிரண்டு, அவ்வளவுதான் செலவு. ஐப்பசி பிறப்பதற்குள் குழாய் கொள்ளவில்லை. பழைய போட்டோ பிரேம் கண்ணாடி இரண்டை நிறுத்தி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, கொல்லை மண்ணைக் கொட்டி அவனே ஒரு வீடு கட்டினான். அதில் எல்லாமே தப்பாகப் போயிற்று. இடைவெளி அதிகம் என்பதால் அவை நடு மண்ணில் தோண்டிக்கொண்டு கண்ணிலேயே படவில்லை. ஸ்பூனால் மேலே ஊற்றிய தண்ணீர் மேல்மண்ணைச் சேறாக்கியது, அடிமண் புழுதியாகவே கிடந்தது. ஈரம் போதவில்லையோ என்று ஒரு நாள் கொஞ்சம் ஜாஸ்தியாக ஊற்றினான். மண் அப்படியே உள்வாங்கியது. பதறிப்போய்க் கரண்டியால் கிளறி, ராணியையும் கையில் கிடைத்தவற்றையும் மீட்டுப் பழைய குழாய்க்குள் விட்டான். பாதிக் கூட்டம் சேற்றுக்குள் போய்விட்டது.

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மாலதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழாய்க்குள் மிச்சமிருந்தவற்றைப் பார்த்தாள்.

"மேலருந்து ஊத்துனா இப்படித்தாங்க ஆவும். பேஷண்டுக்குத் தண்ணி ஏத்தணும்னா மூஞ்சிலியா ஊத்தறோம்? ட்ரிப்ஸ் மாரி சொட்டு சொட்டா அடியில வுடுங்க. மண்ணு தனக்கு வேணுங்கறத இழுத்துக்கும்."

அவள் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், தினமும் ரயிலில் போய் வருபவள். அவள் சொன்னது அவன் மண்டையில் பொறி தட்டியது போல் ஆயிற்று. ஒரு காலண்டரின் பின்பக்கத்தில் புது வீடு ஒன்றை வரைந்தான். பென்சில் கனத்துக்கு மட்டும் இடைவெளி. அடியில் செங்கல் துண்டு ஒரு வரிசை, அதன்மேல் மண். ஓரமாக ஒரு மெல்லிய குழாய் செங்கல் வரைக்கும் இறங்க வேண்டும். மாலதியின் அண்ணன் வைத்திலிங்கம் சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் மீன் தொட்டி செய்து விற்கிறார். கண்ணாடி வெட்ட அவரை விட்டால் ஆள் இல்லை.

"இத அண்ணங்கிட்ட குடுத்துடு" என்றான்.

"நான் குடுக்க மாட்டன். அவரு தலைகீழாப் புரிஞ்சிக்குவாரு. நாளைக்கு எனக்கு ஈவினிங் டூட்டி, மத்தியான ரயிலுக்குத்தான் கெளம்புவன். கூட வாங்க. ரயிலுதானே, ரோட்டுல போவலியே."

அவளை முறைத்தான். மறுநாள் ராணிக் குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். ரயில் அவனை ஒன்றும் செய்யவில்லை.

கண்ணாடியின் அளவை மட்டும் மாலதி முந்தின இரவே போனில் சொல்லியிருந்ததால், வைத்திலிங்கம் அதை ஏற்கெனவே வெட்டி ஒட்டி வைத்திருந்தார். "வா மாப்ள, ஆளே மாறிட்ட" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மண்ணில்தான் இருவருக்கும் சண்டை வந்தது. வெறும் ஆற்று மணல் போதும் என்றார் அவர்.

"மணல் மட்டும்னா நிக்காது மச்சான். களிமண் மட்டும்னா காஞ்சதும் வெடிச்சிடும். ரெண்டும் கலக்கணும்."

"எவ்ளோ கலக்கணும்?"

"தெரியல. புடிச்சிப் பாப்போம்."

சலித்த மணலில் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஈரமாக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் குத்தினால் உதிரவும் வேண்டும். பல உருண்டைகளுக்குப் பிறகு ஒன்று சரியாக வந்தது. அந்தக் கலவையைக் காகிதக் கூம்பு வழியாகக் கண்ணாடிகளுக்கு நடுவே இறக்கி, குச்சியால் மெதுவாகத் தட்டினான். விளிம்பில் எறும்பு ஏறி வராமல் வழுக்கிவிட முகப் பவுடரைக் குழைத்துப் பூசினான். மாலதி வாங்கிக் கொடுத்திருந்த ட்ரிப்ஸ் குழாயை ஓரத்தில் செருகி, சொட்டைக் கூட்டிக் குறைக்கும் உருளையை லேசாகத் திருகினார் வைத்திலிங்கம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. செங்கல் கறுத்தது. தண்ணீரில் பட்ட கைலி நுனியில் ஏறுவது போல, ஈரம் மண்ணில் மெதுவாக மேலே ஏறியது. பாதி உயரம் வந்ததும் செந்தமிழ்செல்வன் உருளையை இறுக்கினான். அடியில் கரிய ஈரம், மேலே வெளுத்த உலர்மண், இடையில் இரண்டும் கலந்த பட்டை.

"எது புடிக்குதோ அங்க இருந்துக்கட்டும்" என்றான்.

வைத்திலிங்கம் குனிந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத நான் கடையில வெச்சா நாலு பேரு கேப்பான் மாப்ள" என்றார்.

ராணிக் குழாயின் வாயை வீட்டின் பக்கவாட்டுத் துளையில் பொருத்தி, அதன்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். வெளியே மழை கொட்டியது. வழியில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாம், ரயில் ரத்து. மாலதிக்குப் போன் செய்தான். அவள் வார்டில் இருந்தாள், எடுக்கவில்லை. மச்சான் வீட்டில் தங்கிவிடலாம் என்று திரும்பி நடந்தவன், பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றான். கடலூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. வழியில் முட்லூரிலேயே இறங்கிவிடலாம் என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டு ஏறினான்.

கண்ணாடி வீட்டை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி, துணியை முகத்தருகே கொஞ்சமாக விலக்கி அதற்குள்ளேயே பார்த்தான். பஸ் நகர்ந்ததும் முதுகு வேர்த்து நனைந்தது. பக்கத்தில் காய்கறிக் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாப்பா அது, சாமி படமா?"

"எறும்பும்மா."

"எறும்பா! காசு குடுத்து வாங்குனியா?"

"இல்லம்மா, அதுவா வந்துச்சி."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "தண்ணிக்கு இன்னா பண்ணும்?" என்று கேட்டாள். அவன் ட்ரிப்ஸ் குழாயைக் காட்டி, அடியிலிருந்து ஈரம் ஏறுவதைச் சொன்னான். பேசப் பேச மூச்சு ஒழுங்குக்கு வந்தது. முட்லூர் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டபோது அந்த அம்மாள் சட்டென்று கை நீட்டிக் கண்ணாடியின் அடியைத் தாங்கினாள். "கெட்டியாப் புடி, சரிஞ்சிடப் போவுது."

அப்போதுதான் ராணிக் குழாயிலிருந்து ஒரு வேலைக்காரி தலையை நீட்டியது. மண்ணைத் தொட்டுப் பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஈரப் பட்டையின் விளிம்பில் வாயால் ஒரு துணுக்கு மண்ணைக் கிள்ளி எடுத்து ஓரமாக வைத்தது.

"பாரும்மா, தோண்ட ஆரம்பிச்சிடுச்சி!"

"அட ஆமா!" அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டுக் கூடையோடு எழுந்தாள். "ஆலப்பாக்கம் வந்துடுச்சி, நான் எறங்கறேன்."

ஆலப்பாக்கம் என்ற சொல் அவன் காதில் விழுந்தது.  நானும் வருகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. மடியில் வீடு நிமிர்ந்து நின்றது, எழுந்தால் மண் சரியும். உட்கார்ந்தே இருந்தான். பஸ் கிளம்பியதும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான். அந்தப் பள்ளம் வந்தது. மழைத் தண்ணீர் நிரம்பி, கோரைப் புல் முளைத்து, இரண்டு கொக்குகள் நின்றிருந்தன. சும்மா ஒரு பள்ளம். அது கண்ணை விட்டு மறையும் வரை பார்த்தான். பஸ் போய்க்கொண்டேயிருந்தது, அவனும் அதில் இருந்தான்.

முதுநகரில் இறங்கியபோது போன் அடித்தது. "ரயிலு இல்லியாமே, எங்க இருக்கீங்க, அண்ணன் வூட்லயா?" என்றாள் மாலதி.

"நம்ம தெருவுல."

"எப்டி வந்தீங்க?"

"பஸ்ல."

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அடுத்த வாரத்துக்குள் கண்ணாடியை ஒட்டி மூன்று சுரங்கங்கள் இறங்கிவிட்டன. ராணி ஈரமும் உலர்வும் கலந்த நடுப்பட்டையில் இடம் பிடித்தது. முட்டைகளை எறும்புகள் காலையில் கீழேயும் மாலையில் மேலேயும் தூக்கிக்கொண்டு அலைந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் மாலதிக்கு ஒரு நாள் ரயிலே போய்விட்டது. வைத்திலிங்கத்தின் கடைக்கு வந்த கல்லூரி ஆசிரியை ஒருத்தி அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தாள். மண் கலக்க அவன்தான் வர வேண்டும் என்று மச்சான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடியில் மாலதியின் தோழி பவானி வீட்டுக் காதுகுத்து. மாலதி தனியாகப் போவதற்கு ஸ்கூட்டியை எடுத்தாள். செந்தமிழ்செல்வன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"நானும் வர்றேன். ஓட்டல்லாம் மாட்டேன், பின்னாடி உக்கார்றேன்."

அவள் முன்னால் நகர்ந்து இடம் விட்டாள். தெருமுனை தாண்டியது, ரயில்வே கேட் தாண்டியது. அவன் அவள் தோளை இறுகப் பிடித்திருந்தான்.

"மெதுவாப் போ மாலதி."

"மெதுவாத்தாங்க போறேன்" என்றாள் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்து. "மொதல்ல கண்ணத் தொறங்க."