நெண்டாக் கூவிய தொகுதி

உலு செமாரா நாடாளுமன்றத் தொகுதியில் ஓட்டுக் குறைந்ததால் தோற்றவர் என்று ஒருவரும் இலர். தோல்விக்கு அங்கே எப்போதும் வேறொரு காரணம் இருந்தது. முதல் தேர்தலில் செமாரா ஆறு பெருக்கெடுத்து, மேற்பகுதியில் ஊரே ஒரு கூரையின்கீழ் வாழும் நீள்வீடுகளிலிருந்து ஒரு படகையும் இறங்கவிடவில்லை. அடுத்ததில், எருமைச் சின்னத்தில் நின்றவருடைய சொந்த எருமை வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் செத்தது. அதற்குமேல் யார் எருமைக்குக் குத்துவார்கள்? பிறிதொரு முறை தொகுதியின் எல்லைக்கோட்டை மாற்றி வரைந்தபோது, வேட்பாளர் ஒருவரின் மாமனார் வீடு அடுப்பும் ஆட்களுமாகப் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது.

ஆற்றோரத்து ஈபான் பழங்குடி மக்கள் ஆண்டுகளை எண்ணால் குறிப்பதில்லை. வெள்ளத் தேர்தலில் பிறந்தவன் என்பார்கள். எருமைத் தேர்தலில் கட்டிக்கொண்டவள் என்பார்கள். அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது பறவைத் தேர்தல். அந்தப் பெயர் உங்காட் என்பவரால் வந்தது.

உங்காட் தம் நீள்வீட்டின் தலைவர். அன்று அவர் படகுச் சின்னத்தில் நின்றார். வாக்களிக்கும் காலையில் தம் வீட்டாரை எல்லாம் ஏற்றிக்கொண்டு முதல் படகில் அவரே புறப்பட்டார். ஆற்றின் வளைவில், இடக்கரையிலிருந்து நெண்டாக் பறவை கூவிற்று. கூவியது, அவர்கள் நம்பிக்கையில், தெய்வத்தின் மருமகன். புறப்பட்டவனுக்கு வலப்பக்கம் கேட்டால் போகலாம்; இடப்பக்கம் கேட்டால் திரும்பிப் போ என்று பொருள். உங்காட் திரும்பினார். பின்னால் வந்த படகுகளும் திரும்பின. அந்தப் படகுகளில் இருந்தவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவான வித்தியாசத்தில் அவர் தோற்றார். தமக்குத் தாமே ஓட்டுப் போடாத வேட்பாளர் என்று கீழாற்றுக் கடைவீதியில் இன்றும் சிரிப்பார்கள்.

அந்தக் கடைவீதிப் பள்ளியில்தான் உங்காட்டின் மகள் ஜெலியா ஆசிரியையாக இருந்தாள். 'பறவை மகள்' என்ற பெயர் அவளுக்கு முன்பே வகுப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. வேலையை விட்டுவிட்டு, அடுத்த தேர்தலில் சாவிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றாள். வெற்றியை அவள் விரும்பாமல் இல்லை. ஆனால் அதைவிட அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்று: தன் வீட்டு ஓட்டுகள் இந்த முறை பெட்டிக்குள் விழவேண்டும்.

வாக்குப்பதிவு நாளின் விடியலில் அவள் ஒரு கனவு கண்டாள். அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நீள்வீடு அவளைவிட்டு விலகிப் போகிறது. கால்கள் முளைத்து நடக்கவில்லை. பனியில் மிதந்தபடி, ஏணியோடும் முற்றத்துப் பாயோடும் சிறுத்துக்கொண்டே போகிறது. யாரும் கையசைக்கவில்லை.

கண்ட கனவை நீள்வீட்டின் பொதுத் திண்ணையில் எல்லார் காதிலும் போடுவது அவ்வீட்டு வழக்கம். அவள் சொல்லி முடித்ததும் அத்தை லுலோங் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"வீடு உன்னை விட்டுப் போகுது. இதுக்கு அர்த்தம் வேற தனியாச் சொல்லணுமா?"

"அத்தை, நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"நல்ல கனவாக் கண்டுட்டு வா, சொல்றேன். இந்த வீட்ல பூட்டுன்னு ஒண்ணு கிடையாது. நீ சாவிக்கு ஓட்டுக் கேக்குறே."

உங்காட் எழுந்தார். படகு கட்டிய கயிற்றை அவிழ்க்கப் போனார்.

வீட்டில் நடமாட முடிந்த எல்லாரும் படகுகளில் ஏறினார்கள். மேலே பெய்த மழையால் ஆறு கலங்கி, வேகம் கொண்டிருந்தது. பனி நீரின்மேல் படுத்திருந்தது. இன்ஜின் ஓட்டிய ஜாராவ் முதல் படகை நடு ஆற்றுக்குக் கொண்டுவந்தான். வீட்டுத்துறை பார்வையைவிட்டு இன்னும் மறையவில்லை. அதற்குள் இடக்கரை மரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. நீண்டு, இனிமையாக, யாரையும் அவசரப்படுத்தாத குரல்.

உங்காட்டின் கை உயர்ந்தது. ஜாராவ் இன்ஜினை நிறுத்திக் கழியை ஆற்றில் ஊன்றினான். பின்னால் ஒவ்வொரு படகாக அடங்கி, கழி ஊன்றி நின்றது.

"அப்பாய், வேண்டாம்," என்றாள் ஜெலியா.

"நானா சொல்றேன்? அவன் சொல்றான்."

"மத்தியானம் பெட்டியை மூடிருவாங்க."

"கேக்காத மாதிரி இருக்கச் சொல்றியா? எல்லாருக்கும்தான் கேட்டுச்சே." அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். "வழியில எவனாவது முழுகினா, அந்த வீட்டுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

"அப்ப நான் நீந்தியாவது போறேன்."

"போ," என்றாள் லுலோங். "உங்கப்பன் தனக்குன்னு போட்டுக்கிட்டதைவிட ஒரு ஓட்டு அதிகமா விழும்."

படகுகளில் சிரிப்பு எழுந்து, உங்காட்டைக் கண்டு அடங்கியது. ஜெலியாவின் கண் நிறைந்திருந்தது. அதை லுலோங் பார்த்தாள். பார்த்துவிட்டு, வேறு யாரிடமோ பேசுவதுபோல முணுமுணுத்தாள்.

"மருமகன் இடப்பக்கம் கூப்பிட்டா, இடப்பக்கத்தை மாத்திட்டாப் போச்சு. படகைத் திருப்பிப் போடு. மேல போறவங்க மாதிரி எல்லாரும் மேல பாத்து உக்காரு. ஆறு கீழ இழுத்துட்டுப் போனா அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு," என்றார் உங்காட்.

"வெளாட்டுக்குச் சொன்னேண்ணே."

"வெளாட்டுக்குச் சொன்னேன்னு தெரியுது. தப்பாவா சொன்னே?"

அவர் கரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, துடுப்பால் படகின் முனையைத் தாமே திருப்பினார். மற்றப் படகுகளும் முனை திருப்பின. ஆற்றுக்கு மேலே பார்த்தபடி எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜாராவ் கழியை எடுத்துவிட்டு, இன்ஜினை நீரிலிருந்து தூக்கி மடித்தான். நெண்டாக் மறுபடி கூவிற்று. அதே மரம், ஆனால் இப்போது அது அவர்களுடைய வலப்பக்கம். உங்காட்டின் தோள்கள் இறங்கின.

ஒலியின்றி ஆறு அவர்களைக் கொண்டுபோயிற்று. அவர்கள் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். கரைகள்தாம் அவர்களைக் கடந்து மேலே போயின. வாழைத் தோப்பு போயிற்று. கட்டிப் போட்டிருந்த வலை போயிற்று. எதிரே நீள்வீடு பனிக்குள் சிறுத்துக்கொண்டிருந்தது, ஏணியோடும் முற்றத்துப் பாயோடும். தான் அசையவே இல்லை என்று ஜெலியாவுக்குத் தோன்றிற்று.

"அத்தை," என்றாள் மெல்ல. "என் கனவு."

லுலோங் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "கனவுல வீட்டுக்குள்ள ஆள் இருந்தாங்களா?"

"யாரும் இல்லை."

"எப்படி இருப்பாங்க? எல்லாரும்தான் இங்க இருக்கோமே."

சூரியன் மலைக்கு மேல் ஏறி வந்தது. பனி பிரிந்தது. பெட்டி மூடிவிடுமோ என்று ஜெலியா ஓயாமல் திரும்பித் திரும்பிக் கீழே பார்த்தாள். ஒவ்வொரு முறையும் உங்காட் அவள் தோளைத் தொட்டு மேலே பார்க்க வைத்தார். வாக்குச்சாவடிப் பள்ளியின் துறையில் நின்றவர்கள், வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு வந்த படகுகளைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள்.

"எங்க போறீங்க?" என்று கேட்டான் காவலர்களில் ஒருவன்.

"மேல," என்றார் உங்காட். "வழியில ஓட்டுப் போட்டுட்டுப் போலாம்னு இறங்குறோம்."

பெட்டி மூடியிருக்கவில்லை. வீட்டார் அனைவரும் வாக்களித்தார்கள். வெளியே வந்த உங்காட், விரல் மையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

அன்றிரவு கடைவீதியில் தங்கினார்கள். காலையில் முடிவு வந்தது. ஜெலியா தோற்றிருந்தாள். நெருக்கமான தோல்வியும் அல்ல; சாவியைக் கீழாற்றுப் பக்கம் அனேகமாக யாரும் தொடவேயில்லை. அவள் துறைக்கு வந்து படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"எதனால?" என்று கேட்டார் உங்காட்.

"ஓட்டுக் குறைவு, அப்பாய்."

"அது சரி. எதனாலன்னு கேட்டேன்."

"அதனாலதான். வேற ஒண்ணும் இல்லை."

உங்காட் அதைப் புரிந்துகொள்ள முயன்றார். வெள்ளம் இல்லை. எருமை இல்லை. பறவையும் இல்லை. அவர் மகள் அழவில்லை என்பதையும் கவனித்தார். இரண்டையும் சேர்த்து யோசித்தபடி அவர் முன்பக்கம் போய் அமர்ந்தார்.

"அப்ப இந்தத் தேர்தலுக்கு என்னன்னு பேர் வைக்கிறது?" என்றாள் லுலோங். "ஜாராவ் பொண்டாட்டிக்கு இந்த மாசம். பிள்ளை எதுல பிறந்துச்சுன்னு சொல்லணுமே."

படகு உண்மையாகவே மேலே பார்த்துப் புறப்பட்டது. வளைவு வந்தபோது, வலக்கைப் பக்கத்துக் கரையிலிருந்து நெண்டாக் கூவிற்று. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓட்டுத் தேர்தல்," என்றார் உங்காட்.

"நல்லாவா இருக்கு?" என்றாள் லுலோங்.

"பழகிடும்," என்றாள் ஜெலியா.