பன்னிரண்டு மணி அட்டை

மதலேனாளை மட்டும் அட்டை சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் கடிக்கும். ஒரு நாள்கூட முன்னே பின்னே ஆனதில்லை. கிழக்கே மாதா கோயில் மணி முதல் தட்டு தட்டியதும், "யக்கா, அட்டை ஏறிருச்சு" என்று நாற்று முடிச்சைப் போட்டுவிட்டு வரப்பேறிவிடுவாள். குந்தி உட்கார்ந்து, காலைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டே, உதடு அசையாமல் 'அருள் நிறைந்த' என்று தொடங்கும் மாதா மந்திரத்தை மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்குவாள்.

அவள் பிறந்தது வேளாங்கண்ணிப் பக்கம். அங்கே நடவுக்காரிகள் அத்தனை பேரும் மாதாவைக் கும்பிடும் வேதக்காரர்கள்தான். உச்சி மணி அடித்தால் வயலே நிமிர்ந்து நிற்கும். எழுபத்து நாலாம் வருஷம் சூசைராசுவுக்கு வாக்கப்பட்டுக் கோட்டுச்சேரிப் பக்கம் வந்தாள். சூசைராசு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். அவன்தான் நடவுக் கூட்டத்தை நடத்துகிற குஞ்சம்மாவிடம் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டான். பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டத்தில் வேதக்காரி அவள் ஒருத்திதான்.

யாரும் அவளை ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் முதல் நாளே குஞ்சம்மா ஒரு சட்டம் சொல்லியிருந்தாள்.

"வரிசையில ஒருத்தி நிமிந்தா வரிசை கோணிரும்டி. கோணுனா ஐயா என்னையத்தான் கேப்பாரு. கோணடிக்கிறவ மறுநா வரவேணாம்."

அதுவும் நியாயம்தான். பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையாகக் குனிந்து, பின்னாலேயே நகர்ந்து நடுகிறவர்கள். ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவர்கள் பின்னால் போய்விடுவார்கள். அவளும் நடாத பொட்டலும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அட்டைக்கு மட்டும்தான் விலக்கு. அட்டை கடித்தவளின் பங்கைப் பக்கத்தில் இருக்கிறவள் சேர்த்து நடுவாள். மதலேனாளுக்குப் பக்கத்தில் இருந்தது அஞ்சுகம்.

"அட்டைக்குக்கூட இவ ரத்தம்தான் ருசிக்குது பாரேன்" என்பாள் அஞ்சுகம், இரண்டு பங்கையும் நட்டபடியே. "எங்க ரத்தமெல்லாம் என்ன, ரசமா?"

ஒன்பதாம் நாள், மதலேனாள் வரப்பில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்னால் ஒரு நிழல் விழுந்தது. குஞ்சம்மா. அவள் கையில் சுண்ணாம்பு டப்பா.

"காலக் காட்டு. தெனமும் கடிச்சா புண்ணு வச்சிரும். சுண்ணாம்பு தடவுறேன்."

காலைப் பிடித்து இழுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். இந்தக் கால், அந்தக் கால், விரலிடுக்கு எல்லாம் பார்த்தாள். கால் சுத்தமாக இருந்தது.

"அட்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள் குஞ்சம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மதலேனாளுக்கு. மாதாவைக் கும்பிடுவதற்கு அட்டையை அல்லவா சாட்சிக்கு இழுத்திருக்கிறோம். அதுவும் அஞ்சுகம் நமக்கும் சேர்த்து முதுகு ஒடிய நட, நாம் பொய் சொல்லிக்கொண்டு செபம் செய்திருக்கிறோம். அந்தச் செபம் எந்த ஊருக்குப் போய்ச் சேரும்?

கூட்டத்தை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். ஆனால் அனுப்பினால் எங்கே போவது? இந்த ஊரில் அவளுக்குப் பேச்சுத் துணை என்று இருந்ததே இந்தப் பதினோரு பேர்தான். சூசைராசு விடிகாலை போனால் விளக்கு வைத்துத்தான் வருவான். வந்ததும் தூங்கிவிடுவான்.

மறுநாள் வானம் கொஞ்சம் மப்பாக இருந்தது. கடல் பக்கத்துக் காற்று. மணி முதல் தட்டு தட்டியது.

மதலேனாள் நிமிர்ந்தாள். நாற்று முடிச்சை நீரில் மெல்ல வைத்தாள். சேற்றுக் கையாலேயே நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டு, கைகூப்பிக் கண்ணை மூடினாள்.

அஞ்சுகம்தான் முதலில் பார்த்தாள். பார்த்தவள் நிமிர்ந்தாள். அவள் நிமிர்ந்ததைப் பார்த்து அடுத்தவள். கடைசியில் அந்தக் கோடியில் இருந்த குஞ்சம்மாவும் இடுப்பில் கையை ஊன்றி எழுந்து நின்றாள். பன்னிரண்டு பேரும் வரிசையாக, வாய் பேசாமல், நட்டுவைத்த மாதிரி நின்றார்கள்.

இது நடக்கும்போதுதான் நிலத்துக்காரர் உத்திராபதி சைக்கிளில் ரோட்டோடு வந்தார்.

உத்திராபதி கெட்ட மனுஷர் இல்லை. சாமிக்குப் பயந்தவர். ஆனால் உச்சி வெயிலில் அரை மணி நேரம் உட்கார விடுங்கள் என்று குஞ்சம்மா மூன்று வருஷமாகக் கேட்டு வந்தாள். அவரும் மூன்று வருஷமாக "அடுத்த போகம் பாத்துக்கலாம்" என்றே சொல்லி வந்தார். போன மாதம்தான், எல்லைக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லாவில் அவருடைய மச்சான் வயலில் ஆட்கள் இப்படித்தான் திடீரென்று நிமிர்ந்து நின்றார்களாம். வரப்பில் செங்கொடி நட்டார்களாம். நாலு நாள் நாற்று காய்ந்ததாம். மச்சான் வந்து சொன்னதிலிருந்து உத்திராபதிக்குத் தூக்கமே சரியில்லை.

இப்போது அவர் கண்ணுக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். வரப்பு மூலையில், ஒரு கழியில், சிவப்பாக ஒன்று காற்றில் படபடக்கிறது.

சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்போடு ஓடி வந்தார். மதலேனாள் கடைசிச் சிலுவை போட்டுக் கண்ணைத் திறந்தபோது அவர் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே நின்றார்.

"ஏம்மா குஞ்சம்மா, என்னம்மா இது? என்னை ஒரு வார்த்தை கேக்கப்படாதா? அரை மணி நேரம்தான? ஒக்காருங்க. நானா வேணாங்கறேன்? மோருக்கும் சொல்லிர்றேன். கழிய மட்டும் புடுங்கிருங்க, ரோட்டுல போறவன் பாத்தா அசிங்கம்."

குஞ்சம்மாவுக்கு அரை நொடி போதுமாயிருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நாங்க கலந்து பேசிச் சொல்றோம்ங்கய்யா."

அஞ்சுகம் மதலேனாளின் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

"யாரு சொல்லிக்குடுத்தா ஒங்களுக்கு?" உத்திராபதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இத்தினி வருசமா இல்லாத பழக்கம். சங்கத்து ஆளு யாரு வந்தா?" பார்வை புதுமுகத்தில் வந்து நின்றது. "ஏம்மா, நீ புதுசா?"

பேசாமல் நின்றால் போதும். மூன்று வருஷமாகக் கேட்டது கிடைத்துவிடும். பதினோரு பேரும் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். ஆனால் நேற்றுத்தான் அட்டையை விட்டாள். இன்றைக்குச் செங்கொடியைப் பிடித்துக்கொள்வதா?

"சங்கமெல்லாம் இல்லைங்கய்யா" என்றாள் மதலேனாள். "கோயில் மணி அடிச்சுது. நான் வேதக்காரிங்க. உச்சி மணிக்கு நின்னு மாதாவக் கும்புடுவோம். இவுங்க என்னைய வேடிக்கை பாக்கத்தான் நிமிந்தாங்க. வேற ஒண்ணுமில்லைங்க."

அஞ்சுகம் "ஐயோ" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

உத்திராபதி அவள் நெற்றியைப் பார்த்தார். அங்கே சேறு இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

"அப்ப அந்தச் செங்கொடி?"

"அது என் தலைத்துண்டுங்க" என்றாள் அஞ்சுகம். "சேறாயிருச்சுன்னு அலசிக் காயப் போட்டேன்."

உத்திராபதி மெல்ல வரப்பில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. என்னமோ ஏதோ என்று பார்த்தால், சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"ஒரு துண்டுக்கா நான் இந்த ஓட்டம் ஓடுனேன்?" முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரிம்மா, சாமி கும்புடுறத நான் தடுக்க மாட்டேன். அந்தப் பாவம் நமக்கெதுக்கு? அந்தப் புள்ள மட்டும் நின்னு கும்புடட்டும். மத்தவங்க நடுங்க."

மதலேனாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. பதினோரு பேர் வாயில் மட்டும் மண். இனி யார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவார்கள்?

குஞ்சம்மா தொண்டையைச் செருமினாள்.

"அதெப்புடிங்கய்யா முடியும்? ஒருத்தி நின்னா வரிசை கோணிருமே. ரோட்டோரத்து வயலு. கோணல் நடவு பாத்தா ஊரே சிரிக்கும். நின்னா எல்லாரும்தான் நிக்கணும். நிக்கிறது நிக்கிறோம், ஒக்காந்துக்கிட்டா என்னங்க? மோருக்கு வேற நீங்க வாக்குக் குடுத்துட்டீங்க. சாமி காதுல விழுந்த வாக்கு."

உத்திராபதி மதலேனாளின் சேற்று நெற்றியை இன்னொரு தரம் பார்த்தார்.

"வீட்டுல சொல்லிக் குடுத்தனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுக்கப் போனார்.

அவர் ரோடு ஏறும்வரை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்த சிரிப்பில் வயலில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

"பாவி மவளே" என்று மதலேனாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள் அஞ்சுகம். "இன்னுஞ் செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இருந்தா ஊறுகாயும் வாங்கியிருக்கலாம்."

"இத மொத நாளே சொல்றதுக்கென்னடி?" என்றாள் குஞ்சம்மா. "சாமி கும்புடறத யாராச்சும் ஒளிச்சு வைப்பாளா? நான் என்னமோ, மாசமா இருக்கே, மயக்கம் வருது, வெளிய சொல்ல வெக்கப்படுறே போலன்னுல்ல நெனச்சேன்."

அதற்கு மதலேனாளும் சிரித்துவிட்டாள்.

நாலைந்து நாள் கழித்துக் காற்று திரும்பிவிட்டது. மேற்கேயிருந்து அடித்தது. மதலேனாள் குனிந்து நட்டுக்கொண்டேயிருந்தாள். கோயில் மணி ஒரு தட்டுகூட வயலுக்கு வந்து சேரவில்லை.

"ஏ மதலேனா, மணி அடிச்சாச்சு" என்றாள் குஞ்சம்மா, தன் காலடி நிழலைப் பார்த்தபடி.

"எனக்குக் கேக்கலியேக்கா."

"எனக்குக் கேட்டுச்சு. நிமிருடி."

வரிசை முழுக்க ஒன்றாக நிமிர்ந்தது. மதலேனாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றுதான் முதல் தடவையாக மந்திரத்தை வாய்விட்டுச் சொன்னாள். ஒன்று முடிந்து இரண்டாவது தொடங்குமுன் அஞ்சுகம் முழங்கையால் இடித்தாள்.

"அதுல எம் மவ பேறுகாலத்தையும் சேத்துச் சொல்லு. அடுத்த மாசம்."

"அவ பேரென்னக்கா?"

"அல்லி."

மதலேனாள் அல்லியின் பேரையும் சேர்த்துக்கொண்டு, மூன்றோடு நிறுத்தாமல் நாலாவதும் சொன்னாள். அவள் முடிக்கும்வரை யாரும் உட்காரவில்லை. உத்திராபதி வீட்டுப் பெண்பிள்ளை மோர்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்போடு வந்துகொண்டிருந்தவள், இவர்கள் நிற்பதைப் பார்த்து, அவளும் அங்கேயே நின்றாள்.