இருபத்துநாலு வோல்ட்டு சாம்ராஜ்

சித்தூரில் ஸ்கூட்டர் மக்கர் பண்ணினால் சாம்ராஜிடம் கொண்டு போவார்கள். அவர் குனிந்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். மீசையை நீவிக்கொள்வார்.

"இது பன்னெண்டு வோல்ட்டு. நம்ம கையி மிலிட்டரி லாரியோட இருபத்துநாலு வோல்ட்டுக்குப் பழகிப்போச்சி. தொட்டா உன் வண்டி தாங்காதுப்பா" என்பார்.

வந்தவரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே அடுத்த தெரு மெக்கானிக்கிடம் போவார்.

சாம்ராஜ் பத்தொன்பது வருஷம் ராணுவத்தில் இருந்தது நிஜம். லாரி ஒர்க்‌ஷாப்பில் இருந்ததும் நிஜம். ஆனால் அங்கே அவர் ஸ்டோர் கீப்பர். ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மெக்கானிக்குகள் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுத்து, ரிஜிஸ்தரில் எழுதுவது வேலை. ஸ்பானரை எண்ணி அடுக்கியிருக்கிறாரே தவிர, ஒருநாளும் திருகியதில்லை. முதல் லீவில் வந்தபோது சர்ச்சில் யாரோ, "லாரி ரிப்பேரா?" என்று கேட்டார்கள். இவர் இல்லையென்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்த லீவில் அந்தக் கதையில் லடாக் பனி விழுந்தது. அதற்கடுத்த லீவில் துப்பாக்கிச் சத்தமும் சேர்ந்துகொண்டது.

சங்கதி தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி ஞானசௌந்தரி. அந்த அம்மாள் அதை வீணாக்கவில்லை. "மாவு அரைக்கிறீங்களா, இல்ல சர்ச்சுல சொல்லட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஹவில்தார் கிரைண்டர் முன்னால் ஆஜர்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பொய்க்குக் காஞ்சனா ரூபத்தில் கண்டம் வந்தது. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பங்காருபாளையத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். ராணுவம் கழித்துவிட்ட ஒரு பச்சை லாரி ஏலத்துக்கு வருகிறது, எடுக்கலாமா என்று சாம்ராஜிடம் யோசனை கேட்டாள். அப்போது அவர் வாய் நிறைய முறுக்கு.

"தாராளமா எடு தங்கச்சி. ஏதானா ஆச்சின்னா நான் இல்லியா?" என்றுவிட்டார். ராணுவ லாரி எங்கே கெடப்போகிறது என்று ஒரு தைரியம்.

முதல் லோடு ஏற்றிய அன்றே கெட்டது. காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"மிலிட்டரி அண்ணா, லைட்டு எரியல, ஹாரன் அடிக்கல, பிரேக்குக்குக் காத்து ஏறல. வண்டி ஒரு அடி நவுரல. சீக்கிரம் வாண்ணா!"

"எனக்கு முட்டி வலிக்கிதும்மா..." என்று சாம்ராஜ் இழுப்பதற்குள் ஞானசௌந்தரி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"லாரிக்கு அடியில படுத்தா முட்டி வலி சரியாப் பூடும். கெளம்புங்க. நானும் வரேன், பாக்கணும்" என்றாள். முகத்தில் திருவிழாவுக்குப் போகிற களை.

பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் அந்தப் பச்சை லாரி, எட்டு டன் தோத்தாபுரி மாங்காயோடு கல்லாட்டம் நின்றது. மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் காஞ்சனாவுக்குக் கொடுத்த டோக்கன் நாலு மணி வரைதான். தவறினால் மூன்று நாள் கழித்துத்தான் அடுத்த முறை. அந்த வெயிலில் மூன்று நாள் நின்றால் ஃபாக்டரி வரை போகவே வேண்டாம், லாரியிலேயே கூழாகிவிடும். காலையிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். காற்று ஏற்றுகிற கம்ப்ரஸர் போய்விட்டது, சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார் ஒருவர். மொத்த ஒயரிங்கும் போச்சு என்றார் இன்னொருவர்.

காஞ்சனா அழுது முடித்த முகத்தோடு நின்றாள். சாம்ராஜைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்துபோனது. "வழி வுடுங்கய்யா, அண்ணா வந்துட்டாரு!" என்று கத்தினாள். கூட்டம் விலகியது. யாரோ மரியாதையாக லாரிக்கு அடியில் ஒரு பாயை விரித்தார்கள்.

சாம்ராஜ் அந்தப் பாயில் போய்ப் படுத்தார். பழுது பார்க்க அல்ல, ஒளிந்துகொள்ள. தலைக்கு மேலே குழாயும் ஒயரும் இடியாப்பமாகக் கிடந்தன. அவருக்கு எதுவும் புரியவில்லை. மானம் போவது இருக்கட்டும், தன் வாயை நம்பி லாரி வாங்கிய பெண்ணின் ஒரு வருஷத்து வெள்ளாமை மேலே கனிந்துகொண்டிருக்கிறதே என்றுதான் கவலை. கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, இந்த ஒரு தபா காப்பாத்தும். வர ஞாயித்துக்கெழம சர்ச்சுல எழுந்து நின்னு எல்லா உண்மையும் சொல்லிட்றேன்."

மூடின கண்ணுக்குள் ஸ்டோர் ரிஜிஸ்தர் வந்து நின்றது. அதன் கடைசிக் கட்டம். வாங்கிப்போன சாமானை வேண்டாமென்று திருப்பினால், ஏன் என்று மெக்கானிக் அதில் எழுதியாக வேண்டும். வேறு பொழுதுபோக்கு இல்லாத சாம்ராஜ் அதைத்தான் வருஷக்கணக்காக வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். 'கம்ப்ரஸர் திருப்பப்பட்டது. கோளாறு இல்லை. பின்பக்கக் காற்றுக் குழாயின் டேப் திறந்திருந்தது.' 'ஒயர் ரோல் திருப்பப்பட்டது. பிளாக்அவுட் சுவிட்ச் போட்டிருந்தது.' யுத்த காலத்தில் எதிரி கண்ணில் படாதபடி லாரியின் விளக்கையெல்லாம் அணைத்து, ஹாரன் வாயையும் அடைக்கிற சுவிட்ச் அது. எத்தனை தடவை இதே இரண்டு வரி!

கண்ணைத் திறந்தார். பாயோடு பாயாக லாரியின் பின்பக்கம் நகர்ந்து வெளியே வந்தார்.

"சம்பத், வண்டிய ஸ்டார்ட் பண்ணுப்பா!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டினார்.

எஞ்சின் இரைச்சலுக்கும் கூட்டத்தின் யோசனைகளுக்கும் நடுவே, பின்னால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பின்னால் டிரெய்லர் கோத்தால் அதற்குக் காற்றுக் கொடுக்கிற டேப். லோடு ஏற்றினவர்கள் அதன் கைப்பிடியைக் கொக்கி என்று நினைத்துத் தார்ப்பாய்க் கயிற்றை அதில் கட்டி இழுத்திருந்தார்கள். டேப் திறந்துகொண்டு, ஏறுகிற காற்றெல்லாம் அந்த வழியாகவே போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் காலையிலிருந்து முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவர் காதிலும் விழவில்லை.

கயிற்றை அவிழ்த்து டேப்பை மூடினார். கொஞ்ச நேரத்தில் காற்று மீட்டரின் முள் மெல்ல ஏறியது. சம்பத் லீவரைத் தள்ளியதும், காற்றில்லாமல் சக்கரங்களைக் கவ்வியிருந்த பிரேக் பெருமூச்சு விட்டு விலகியது.

அடுத்து கேபினுக்குள் ஏறினார். டேஷ்போர்டில் ஒரு திருகுச் சுவிட்ச். அன்று காலை பூஜை போட்டபோது காஞ்சனா எலுமிச்சை, மிளகாய், திருமலைக் குங்குமப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதில் தொங்கவிட்டிருந்தாள். கனத்தில் சுவிட்ச் திரும்பியிருந்தது. சாம்ராஜ் மூட்டையைப் பயபக்தியோடு கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, சுவிட்சைத் திருப்பினார். சம்பத்தின் கை ஹாரன் மேலேயே இருந்தது. அது அலறிய அலறலில் இரண்டு மெக்கானிக்குகளும் துள்ளிக் குதித்தார்கள்.

"பத்து நிமிசம்! ஸ்பானரக்கூடத் தொடல!" என்று காஞ்சனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூன்றரைக்கு லாரி ஃபாக்டரி கேட்டில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதானே. சாட்சி சொல்லும் நேரத்தில் சாம்ராஜ் எழுந்தார்.

"நான் மெக்கானிக்கே இல்ல. ஸ்டோர் கீப்பர். பத்தொம்போது வருசம் சாமான் எடுத்துக் குடுத்துகினு உக்காந்திருந்தேன். லடாக் பனியெல்லாம் பொய்யி. எல்லாரும் மன்னிக்கணும்" என்றார்.

ஆயர் ஜெபதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாருங்க பிரியமானவங்களே. ராணுவத்தையே நடத்தின கை. தன்னை எவ்வளவு தாழ்த்துறார் பாருங்க!"

"ஐயா, நெசமாவே சொல்றேன்..."

கடைசி வரிசையில் கூடை மாங்காயோடு வந்து உட்கார்ந்திருந்த காஞ்சனா எழுந்துவிட்டாள். "சும்மா இருண்ணா! கண்ண மூடிப் படுத்துக்கினே இன்னா கோளாறுன்னு கண்டுபுடிச்சே. ஸ்டோர் கீப்பரால ஆவுமா அது?"

கைதட்டல் எழுந்தது. சாம்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. அதையும் தாழ்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஞானசௌந்தரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வெளியே வரும்போது சாம்ராஜ் ஒருவாறு மனசைத் தேற்றிக்கொண்டார். "சர்ச்சுல சொல்லியாச்சி. இனிமே மாவ நீயே அரச்சிக்க" என்றார் மனைவியிடம்.

"அரச்சிக்கிறேன். உங்களுக்கு நேரம் ஏது?" என்று அவள் சர்ச் கேட் பக்கம் கையைக் காட்டினாள்.

ஏலத்தில் எடுத்த பச்சை லாரிகள் மூன்று வரிசையாக நின்றன. முதல் லாரிக்கு அடியில் பாய்கூட விரித்தாகிவிட்டது.