அலமாரிக்குள் ஒரு போன்

இடி விழுந்ததில் வீட்டு ரூட்டர் கருகிப்போனது. புதிது வாங்கக் கடை திறக்கும்வரை வெளிநாட்டிலிருக்கும் மகளின் முகத்தைப் பார்க்காமலிருந்தால் அண்ணிக்குச் சாப்பாடு இறங்காது. அதனால்தான் கணவனின் தம்பியை வரச்சொல்லியிருந்தாள்.

"ரூட்டர் இல்லாம எப்படி தம்பி?"

"அண்ணன் லேப்டாப் இருக்கே அண்ணி. நெட் ஒயரை அதுல சொருகிட்டா அதுவே எல்லாருக்கும் வைஃபை குடுக்கும்."

அண்ணன் வாஷிங் மெஷின் மெக்கானிக். "ஊர் மெஷினையெல்லாம் ஓட வெச்ச மனுஷன், நம்ம வீட்டு மெஷினுக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்குன்னே..." அண்ணி பாதியில் நிறுத்தினாள். அவன் இறந்ததை இன்றுவரை அவள் தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகளுக்குக்கூடத் தம்பிதான் சொன்னான். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே கொடுத்தால் வீட்டுப் போன்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ஓசி கேட்டு வரும் பக்கத்து வீட்டாருக்காக அண்ணன் வைத்த பெயர், 'சொந்தமா வாங்கு'. அதைத் தட்டும்போது தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கும்தான்.

அவள் போன் சிணுங்கியது. கூடவே துணி அலமாரிக்குள்ளிருந்து இன்னொரு சிணுங்கல். பிறகு மழை பிடித்தாற்போல விடாமல்.

"அண்ணன் போனா?"

"அணைச்சுதான் வெச்சிருந்தேன் தம்பி, சார்ஜ் மட்டும் போடுவேன். இடி விழுந்து நெட் போனப்புறம்தான் போட்டோ பாக்க ஆன் பண்ணேன், திரும்ப அணைக்க மனசு கேக்கல."

சிம் எப்போதோ செத்துவிட்டது. வைஃபை மட்டும் அதற்கு மறக்கவில்லை. தம்பி இதை யோசிக்கவே இல்லை. 'மறுபடி தண்ணி ஒழுகுதுண்ணே', 'ஆளையே காணோம்', 'உடம்பு சரியில்லையா?' எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாட்ஸ்அப் அழைப்பு. திரையில் 'நீல கேட் அம்மா'.

"குடுங்க அண்ணி, நான் சொல்லிடறேன்."

அவள் கொடுக்கவில்லை. காதில் வைத்தாள்.

"என்ன மெக்கானிக்கு, எங்களையெல்லாம் மறந்தாச்சா? துணி மலையா குவிஞ்சு கிடக்கு!"

"நான் அவர் சம்சாரம் பேசறேன்மா." அடுப்படிப் பக்கம் போன பார்வையை இழுத்து நிறுத்தினாள். "அவர் இறந்துட்டார்."

அந்தப் பக்கம் விசும்பல்.

"அழாதீங்கம்மா," என்றாள் அண்ணி. "ஒண்ணும் கஷ்டப்படல அவர். தூக்கத்துலயே போயிட்டார்."

அண்ணன் அப்படிப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தம்பி. கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.